ஒரு பிளக் பாயின்ட் வைக்க எவ்வளவு ஆகும்?

வீட்டில் கூடுதலாக ஒரு பிளக் பாயின்ட் வைக்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தால், ஒருவர் 400 ரூபாய் என்பார், இன்னொருவர் 6,000 ரூபாய் என்பார். இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் சுவிட்ச் போர்டில் ஒரு சாக்கெட்டைப் பொருத்துவதும், மெயின் பெட்டியிலிருந்து சமையலறை வரை சுவரைக் கொத்தி மூன்று கம்பிகளை இழுத்து ஒரு பவர் பிளக் (அதிக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கான 16 ஆம்பியர் சாக்கெட்) வைப்பதும் நம் பேச்சில் ஒரே பெயரில்தான் வழங்குகின்றன. சாக்கெட்டின் விலை இந்தக் கணக்கில் மிகச் சிறிய பங்கு. கம்பி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தடிமன், எந்த வழியாக வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால் செலவு ஏறக்குறைய தானாகவே தெரிந்துவிடும்.

வடசென்னையில் வாடகைக்கோ சொந்தமாகவோ குடியேறி, முதல்முறையாக எலக்ட்ரீஷியனை அழைக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே கொடுத்துள்ள தொகைகள் ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பக்கத்துக் கடைகளிலும் கூலிப் பேச்சிலும் புழங்கும் தோராயமான அளவுகளே. செம்பு விலை ஏறினால் கம்பி விலையும் உடனே ஏறிவிடும் என்பதால், வேலைக்கு முந்தைய நாள் ஒருமுறை கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில்: அதில் எதைச் செருகப் போகிறீர்கள்?

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வீடுகளுக்கு வாங்கும் சாக்கெட்டுகள் பெரும்பாலும் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என இரண்டு வகை. பழக்கத்தில் இவற்றை 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் என்றே பலரும் சொல்கிறார்கள். 230-ஐ 6-ஆல் பெருக்கினால் 1,380 வாட். கைப்பேசி சார்ஜர், தொலைக்காட்சி, மேசை விசிறி, மிக்ஸி ஆகியவை இதற்குள் அடங்கிவிடும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியும் கணக்குப்படி அடங்கும் என்றாலும், அதை நாள்தோறும் பயன்படுத்தும் வீட்டில் 16 ஆம்பியர் சாக்கெட்டையே வைக்கச் சொல்வேன். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, நீரைச் சூடாக்கும் வசதியுள்ள வாஷிங் மெஷின் போன்றவை ஏறத்தாழ 2,000 வாட் இழுப்பவை. இவற்றுக்குப் பவர் பிளக்கைத் தவிர வேறு வழியில்லை. ஏ.சி.க்கும் கீசருக்கும் மெயின் பெட்டியிலிருந்து தனித்தனிக் கம்பி வர வேண்டும், வேறெதையும் அந்தக் கம்பியில் சேர்க்கக் கூடாது. வீட்டு வாசலில் மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் செய்யும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது; மணிக்கணக்கில் ஓடும் சுமை என்பதால் அதையும் இந்த வரிசையிலேயே வைக்க வேண்டும்.

கம்பியின் தடிமனை இதற்கேற்ப முடிவு செய்யலாம். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியருக்கு 2.5, ஏ.சி.க்கும் பெரிய கீசருக்கும் 4 என்பது பொதுவான அளவு. பழைய கைகள் இன்றும் 3/20, 7/20 என்று கேஜ் என்னும் பழைய தடிமன் கணக்கில் பேசுவார்கள். 3/20 என்பது 20 கேஜ் இழைகள் மூன்றைச் சேர்த்தது. கணக்கிட்டால் 2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது இன்றைய 2.5-ஐவிட மெல்லியது. வரும் எலக்ட்ரீஷியன் 3/20 என்று சொன்னால், "2.5 எம்.எம். போட்டுடுங்கண்ணே" என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து: இருக்கும் வயரிங்கைப் பார்த்தல்

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், வாஷிங் மெஷினுக்காக ஒருவர் 500 ரூபாயில் பாயின்ட் வைத்துக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. சில வாரங்கள் கழித்துப் பின்கட்டில் அவ்வப்போது மீன் வாடை அடிக்கத் தொடங்கியது. காசிமேட்டு மீன் அன்றாடம் வந்துபோகும் தெரு என்பதால் பக்கத்து வீட்டுச் சமையல் என்றே நினைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் துணி துவைக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாடை வருகிறது என்பதை என் மாமியார்தான் கவனித்தார். சாக்கெட்டுகள் செய்யப்படும் ஒருவகைப் பிளாஸ்டிக் சூடேறும்போது மீன் வாடைதான் வீசும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேறொருவரை அழைத்து முகப்பைக் கழற்றிப் பார்த்தபோது, வலப்பக்கத் துளையைச் சுற்றிக் காப்பிக் கறைபோலப் பழுப்பேறியிருந்தது. உள்ளே திருகு தளர்ந்து, கம்பியின் மேலுறை விரல்நீளத்துக்குக் கருகி உடைந்தது. டியூப் லைட்டுக்குப் போகும் 1 சதுர மில்லிமீட்டர் கம்பியிலிருந்து இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார் முதல் ஆள். மெயினிலிருந்து தனிக்கம்பி இழுத்து மீண்டும் வைக்க 2,800 ரூபாய் ஆனது.

ஆகவே எலக்ட்ரீஷியன் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுக்கு லைன் எங்கேருந்து எடுக்கப் போறீங்க?" என்பதுதான். பக்கத்து லைட் போர்டிலிருந்து என்று அவர் சொன்னால், 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மட்டும், அதுவும் கம்பி 1.5 இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளலாம். பவர் பிளக் என்றால் மெயின் பெட்டியிலிருந்து தனி எம்.சி.பி. (சுமை மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) வழியாகத்தான் வர வேண்டும்.

மெயின் பெட்டியையும் அப்போதே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளே இன்னும் இருக்கும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். புதிய பாயின்ட்டுக்கென 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றைச் சேர்க்க 150 முதல் 300 ரூபாய் வரை ஆகும், பெட்டியில் இடம் இல்லாவிட்டால் சிறிய பெட்டி ஒன்றையும் வாங்க வேண்டியிருக்கும். எம்.சி.பி. காப்பது கம்பியை என்பதை மறக்கக் கூடாது. 2.5 கம்பிக்கு வைத்த 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதை 32 ஆம்பியராக மாற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு விழுவது நின்றுபோகும், சுவருக்குள் கம்பி சூடாவது நிற்காது. ஆள் மின்சாரத்தைத் தொட்டால் நொடிக்குள் அறுக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி இதிலிருந்து வேறுபட்டது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் விலை 1,800 முதல் 2,800 ரூபாய் வரை இருக்கும். ஒரு பாயின்ட்டுக்காக இவ்வளவா என்று தோன்றலாம். ஆனால் அது வீடு முழுவதையும் காப்பதால், அந்தத் தொகையைப் பாயின்ட்டின் கணக்கில் சேர்க்காமல் தனிச் செலவாகவே கருத வேண்டும்.

எர்த் பற்றிச் சற்று விரிவாக

எர்த் என்பது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி. சாக்கெட்டின் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் பச்சைக் கம்பி இருக்கிறதா என்பதைவிட, அந்தப் பச்சைக் கம்பி எங்கே போய் முடிகிறது என்பதே முக்கியம். பழைய வீடுகள் சிலவற்றில் தெருக்குழாயோடு இணைந்த இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைச் சுற்றிவிட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் அது ஓரளவு வேலை செய்தது. பின்னர் குழாய் துருப்பிடித்து, இடையில் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயை வைத்து ஒட்டியதும் எர்த் அறுந்துபோனது. யாருக்கும் அது தெரியவில்லை. ஃபிரிட்ஜ் கதவை ஈரக்கையோடு தொடும்போது சுருக்கென்று இருக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

முறையான எர்த் என்பது மண்ணில் குழி தோண்டி, குழாயையோ தகட்டையோ புதைத்து, கரியும் உப்பும் இட்டு, அங்கிருந்து கம்பி கொண்டுவருவது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக உள்ள மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் மின்சாரம் எளிதில் இறங்கும். ஆனால் அதே உப்பு, புதைத்த இரும்புக் குழாயையும் விரைவில் தின்றுவிடும். கம்பி குழாயோடு சேரும் இடத்தில் துரு பொடிப்பொடியாக உதிர்கிறதா என்று பார்த்தாலே நிலைமை விளங்கும். புதிய எர்த் வைக்கப் பொருளைப் பொறுத்து 3,000 முதல் 8,000 ரூபாய் வரை கேட்பார்கள். பல குடித்தனங்கள் உள்ள வளாகத்தில் எல்லாருக்கும் ஒரே எர்த்தாக இருக்கும் என்பதால், இந்தச் செலவை வீட்டு உரிமையாளர் ஏற்பதே முறை. வாடகைதாரர், வேலை தொடங்கும் முன் உரிமையாளரிடம் அனுமதி கேட்கும்போதே இதையும் பேசிவிடலாம்.

சுவருக்கு மேலேயா, சுவருக்குள்ளேயா?

செலவில் பெரிய வேறுபாடு இங்கேதான் வருகிறது. சுவரின் மேல் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி அதனுள் கம்பியை விடுவது மலிவு, ஒரே நாளில் முடியும், பின்னாளில் பிரித்தும் பார்க்கலாம். சுவருக்குள் காடி வெட்டிக் குழாய் பதிப்பது பார்வைக்கு அழகு. ஆனால் வெட்டுக்கூலி, சிமென்ட் பூச்சு, பட்டி, பெயின்ட் என்று வால் நீண்டுகொண்டே போகும். பூசிய இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் பழைய நிறத்தோடு ஒருபோதும் சேராது, கடைசியில் அந்தச் சுவர் முழுவதையும் அடிக்க வேண்டிவரும். மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை) போட்ட பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர்களை வெட்டினால், இரண்டு விரல் அகலக் காடி கேட்ட இடத்தில் ஒரு சாண் பெயர்ந்து விழும். அடுக்குமாடிகளில் உள்சுவர்கள் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான் இருக்கும், அதில் குறுக்கே நீளமாக வெட்ட விடக் கூடாது. கான்கிரீட் தூணையும் பீமையும் தொடவே விடக் கூடாது.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஏற்கெனவே சுவருக்குள் இருக்கும் குழாயில் இடம் இருந்தால் அதிலேயே புதுக் கம்பியை இழுக்கலாம். "ஸ்பிரிங் விட்டுப் பாருங்கண்ணே" என்று, அதாவது கம்பி இழுக்கும் நீள ஸ்பிரிங்கைக் குழாய்க்குள் செலுத்திப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் நல்ல எலக்ட்ரீஷியன் முயன்று பார்ப்பார். குழாய் அடைபடாமல் இருந்தால் செலவு பாதியாகக் குறையும்.

வாடகை வீட்டுக்குக் கேசிங் போதும் என்பது என் கருத்து. சொந்த வீட்டிலும், பெயின்ட் அடிக்கும் ஆண்டு வரும்வரை கேசிங்கோடு காலம் தள்ளுவதில் குறைவொன்றும் இல்லை.

ஆளும் கூலியும்

பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகளைத் தவிர, புதிய வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது சட்ட விதி. தமிழ்நாட்டில் மின்கம்பியாளர், மின்கம்பியாளர் உதவியாளர் ஆகியோருக்கான தகுதிச் சான்றுகளை அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது. ஒற்றைப் பாயின்ட்டுக்கு ஒப்பந்ததாரர் கிடைப்பது அரிது என்றாலும், வருகிறவரிடம் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். இருப்பவர்கள் பெருமையோடு காட்டுவார்கள்.

கூலியை மூன்று விதமாகப் பேசுவார்கள். வந்துபோகும் சிறு வேலைக்கு 300 முதல் 600 ரூபாய். நாள் கூலியானால் எலக்ட்ரீஷியனுக்கு 1,000 முதல் 1,500, உதவியாளுக்கு 700 முதல் 900. பாயின்ட் கணக்கானால் ஒன்றுக்கு இவ்வளவு. சச்சரவு பெரும்பாலும் மூன்றாவதில்தான் எழும். "சார், பாயின்ட்டுக்கு 350 கொடுங்க, பவர் பாயின்ட்னா ரெண்டு பாயின்ட் கணக்கு" என்பார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தொழிலில் உள்ள வழக்கம்தான். ஆனால் காடி வெட்டுவது அதில் சேருமா, பூச்சு சேருமா, மெயினிலிருந்து கம்பி இழுப்பது தனியா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பாயின்ட்டுக்கு மொத்தத் தொகையாகப் பேசுவதே எளிது.

பொருள் வாங்குதல்

ஒரு பாயின்ட்டுக்குத் தெருமுனைக் கடையே போதும். நான்கைந்து பாயின்ட்டுகள் என்றால் பாரிமுனைக்குப் போய் கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கத்து மொத்தக் கடைகளில் விசாரிப்பது பஸ் கட்டணத்துக்கு மேலேயே லாபம் தரும். சாக்கெட்டிலும் சுவிட்சிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். கம்பியின் மேலுறையிலேயே உற்பத்தியாளர் பெயர், அளவு, ஐ.எஸ். 694 என்ற எண் ஆகியவை திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டிருக்கும். 90 மீட்டர் சுருளாக வாங்கத் தேவையில்லாதவர்கள் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கலாம், 1.5 கம்பி மீட்டர் 20 முதல் 30 ரூபாய், 2.5 கம்பி 35 முதல் 50 ரூபாய். மின்சாரம் வரும் பேஸுக்குச் சிவப்பு, அது திரும்பிப் போகும் நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று மூன்று நிறத்திலும் வாங்குங்கள். கையிருப்பில் உள்ள ஒரே நிறத்தில் மூன்றையும் போட்டுவிட்டுப் போனால், அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் உயிரைப் பணயம் வைத்துத்தான் போர்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

இப்போது கணக்கைப் போடலாம். இருக்கும் போர்டில் காலி இடம் இருந்து 6 ஆம்பியர் சாக்கெட் வைத்தால், பொருள் 80 முதல் 200 ரூபாய், கூலி 300 ரூபாய், ஆக 400, 500 ரூபாயில் முடியும். மெயின் பெட்டியிலிருந்து 9 மீட்டர் தொலைவில் கேசிங் வழியாகப் பவர் பிளக் என்றால், 2.5 கம்பி 18 மீட்டருக்கு 45 வீதம் 810 ரூபாய், எர்த்துக்கு 1.5 கம்பி 9 மீட்டருக்கு 28 வீதம் 252, கேசிங்கும் திருகும் 300, சாக்கெட், சுவிட்ச், பிளேட், பெட்டி சேர்த்து 600, எம்.சி.பி. 200, கூலி 900. மொத்தம் 3,062 ரூபாய். அதே பாயின்ட்டைச் சுவருக்குள் வைத்தால் கம்பியும் பெட்டியும் எம்.சி.பி.யும் மாறாமல் 1,862, குழாய் 250, எலக்ட்ரீஷியன் ஒரு நாள் 1,300, வெட்டும் உதவியாள் 900, பூச்சு 800, பட்டியும் பெயின்ட்டும் 1,000 என்று 6,112 ரூபாய் ஆகிவிடும். தொடக்கத்தில் சொன்ன 400-க்கும் 6,000-க்கும் இடையே உள்ள தூரம் இதுதான்.

வேலை நாளன்று

மெயினை அணைத்த பிறகே போர்டு திறக்கப்பட வேண்டும், அணைத்த மெயினை வீட்டில் வேறு யாரும் போட்டுவிடாதபடி ஒருவர் அங்கே நிற்க வேண்டும். சாக்கெட்டின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக் காட்டுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை போன்று மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பகுதிகளில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள், முந்தைய வெள்ளத்தின் கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து அதற்கும் ஓர் அடி மேலே வைக்கச் சொல்ல வேண்டும். சாக்கெட் தரையோரம் இருந்தால்தான் அழகு என்பது மாடிவீட்டுக்காரர்களின் கவலை. சமையலறையில் குழாய்க்கும் அடுப்புக்கும் நேர் மேலே வேண்டாம். கடற்காற்று நேராகப் படும் வராந்தாவில் பித்தளை முனைகள் பச்சைப் பாசிபோலக் களிம்பேறிப் பிடிமானம் இழந்துவிடும். அங்கே மூடியுள்ள சாக்கெட்டை வைத்தால் கூடுதல் செலவு திரும்பக் கிடைக்கும்.

பொருத்தி முடிந்ததும் நேரில் பார்க்க வேண்டியவை சில உண்டு. சாக்கெட்டை எதிரே நின்று பார்க்கும்போது மேலே எர்த், வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல் என்பதே சரியான முறை. சுவிட்சைப் போட்டால் டெஸ்டர் வலத்துளையில் மட்டும் எரிய வேண்டும், அணைத்தால் எங்கும் எரியக் கூடாது. அடுத்து, டெஸ்ட் லேம்பை (இரண்டு கம்பிகள் இணைத்த சோதனை பல்பு) வலத்துளைக்கும் எர்த் துளைக்கும் இடையே அவரையே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேஸ், நியூட்ரலில் எரிந்த அதே பிரகாசத்தில் எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, மங்கினால் இல்லை. ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் விளக்கு எரியும் முன்பே அது விழுந்துவிடும், அதுவும் நல்ல செய்திதான். பிறகு எந்தக் கருவிக்காகப் பாயின்ட் வைத்தீர்களோ அதையே செருகி அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி அதன் முனைப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் திருகு எங்கோ தளர்ந்திருக்கிறது, அவர் கிளம்பும் முன்பே முடுக்கச் சொல்ல வேண்டும்.

கீசரும் ஏ.சி.யும் புதிதாகச் சேர்கிறதென்றால், உங்கள் இணைப்புக்கு மின்வாரியம் ஒதுக்கியுள்ள சுமை அதற்குப் போதுமா என்பதையும் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மீட்டருக்கு முந்தைய பகுதியில், அதாவது தெருப் பில்லர் பெட்டியிலிருந்து வரும் கேபிளில் கோளாறு என்றால் தனியார் எலக்ட்ரீஷியன் கை வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் சேவை எண்ணான 94987 94987-இல் புகார் பதிய வேண்டும்.

சுவரை வெட்டிக் குழாய் பதித்தவர்கள், பூச்சு வேலைக்காரர் வரும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். காடியின் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து எவ்வளவு உயரம், கதவிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரியுமாறு கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்து, கம்பி வாங்கிய பில்லோடு சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே சுவரில் சாமி படம் மாட்ட டிரில் போடும்போது அந்தப் படம் தேவைப்படும்.